கால்மிதி குளித்த சாயங்காலங்கள்

மகள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அப்பாவின் கையில் ஒரு பெட்டியும் ஒரு வாளியும் இருந்தன. வாளிக்குள் கைப்பிடி உடைந்த பச்சை மக் ஒன்று கிடந்தது. பெட்டியை மருமகன் வாங்கிக்கொள்ள விட்டார். வாளியை விடவில்லை. "இங்க ஷவர் இருக்குப்பா, திருகினா சுடுதண்ணி வரும்" என்று மகள் சொன்னதற்கு, "அதெல்லாம் செடிக்கு ஊத்தறதுக்கு" என்று சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குப் போய் வாளியை வைக்க இடம் பார்த்தார். தனக்குப் படுக்கை எந்த அறையில் என்றுகூட மனிதர் கேட்கவில்லை.

அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போனாலே மூக்கைப் பிடித்து உலுக்கும் பிளீச்சு வாடை, ஆள் உயரத்துக்கு உருளும் டிரம்கள், பிழிந்து வரும் போர்வைகளிலிருந்து கிளம்பும் ஆவி, இவற்றுக்கு நடுவில் அவருடைய வாழ்க்கை போயிற்று. அழுக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு அவரிடம் மருந்தும் ஒன்றுதான். கொதிக்கிற தண்ணீர், காரமான சோப்பு, போகவில்லை என்றால் மறுபடி அதே. இந்தச் சட்டத்தைத் துணியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு வம்பும் இல்லை. அவர் அதை உடம்புக்கும் வைத்திருந்தார். பெற்ற மகளின் உடம்புக்கும் வைத்திருந்தார்.

மகளுக்கு வீட்டில் பெயர் சுரண்டி. சித்தி வைத்த பெயர். குழந்தையில் எந்நேரமும் கையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருந்ததால் வந்தது. சித்திகளுக்குப் பட்டப்பெயர் வைக்க யார்தான் அதிகாரம் கொடுத்தார்களோ தெரியவில்லை. வைத்தால் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. இப்போது அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்கில் அழுத்தும் ஃபிரேமை வளைத்து, காதில் உரசும் கம்பியை நிமிர்த்தி, வருகிறவர்களுக்குத் தோதாகச் செய்து கொடுப்பாள். கடையில் எல்லாரும் மரியாதையாக மேடம் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் சுரண்டி.

அப்பாவை அவள் தன்னோடு அழைத்து வந்ததற்குக் காரணம் அவருடைய கால்கள். அம்மா போன பிறகு பழைய வீட்டில் தனியாக இருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, திட்டுத்திட்டாகச் சிவந்து, வெடித்துக் கிடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து, கால் வீங்கி, காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஃபோன் செய்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இந்தப் போர்வையை எவன் வெளுத்தது?" அதைக் கேட்ட பிறகுதான் சுரண்டிக்கு உயிர் வந்தது.

வந்த மறுநாளே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா அவர் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எக்ஸிமா ஐயா. கரப்பான்னு சொல்லுவாங்களே, அது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிறீங்க?"

"மூணு வேளை" என்றார் அப்பா, பரிசு வாங்கப் போகிறவரின் முகத்தோடு.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "சுடுதண்ணியா?"

"பின்னே? பச்சைத்தண்ணியில அழுக்கு போகுமா?"

"இனிமே ஒரே தடவைதான். வெதுவெதுன்னு தண்ணி. அஞ்சு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடணும். சோப்பு இந்த வெடிப்பு இருக்கற இடத்துல படவே கூடாது. அக்குள், இடுக்கு, பாதம், அங்க மட்டும் போட்டுக்கங்க, அதுவும் நான் எழுதித் தர்ற மிதமான சோப்பு. துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் முழுசாக் காயறதுக்குள்ள இந்தக் களிம்பைத் தாராளமாத் தடவிடணும். குளிக்கவே வேண்டாம்னு சொல்லலை. உங்க தோல்ல மிச்சம் இருக்கற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் நீங்க வெளுத்து எடுத்துடறீங்க. அதைத்தான் வேண்டாங்கறேன்."

அப்பா சிரித்தார். சிறுபிள்ளையின் பேச்சைக் கேட்ட சிரிப்பு. "டாக்டரம்மா, இதோ உக்காந்திருக்காளே, இவளுக்கும் சின்ன வயசுல இதேதான். உடம்பு முழுக்க. எத்தனையோ பேர்கிட்ட காட்டினோம். கடைசியில நான்தான் மூணு வேளை குளிப்பாட்டியே குணமாக்கினேன். சுரண்டி, கையைக் காட்டும்மா."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். சுரண்டி கையை நீட்டினாள். முழங்கையின் உள்மடிப்பு சுத்தமாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டிய விஷயம் தொண்டை வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"அவங்களுக்கு எப்படிச் சரியாச்சோ எனக்குத் தெரியாது" என்றார் டாக்டரம்மா. "உங்க கால் மறுபடி உடைஞ்சு கிருமி புகுந்தா இந்தத் தடவை மாதிரி தப்பிக்க முடியாது. உங்க வயசுக்கு அது உயிரோட விளையாடற விஷயம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், வாளியில் சுடுதண்ணீர் பிடித்தது.

சுரண்டியின் தொண்டையில் நின்ற விஷயம் இதுதான். அப்பாவின் மூன்று வேளைக் குளியலில் அவளுக்கு எதுவும் குணமாகவில்லை. குணமானது வேறு வழியில், அப்பாவின் முதுகுக்குப் பின்னால். அந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இப்போது இல்லை.

அந்தப் பழைய வீட்டில் குளியலறைக்குத் தகரக் கதவு. கதவுக்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில், அப்பாவின் சாய்வு நாற்காலி. அவளுக்கு அப்போது முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, காதின் பின்பக்கம் என்று ஓர் இடம் பாக்கியில்லை. ராத்திரி தூக்கத்தில் சொறிந்து தலையணை உறையில் ரத்தப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா துடித்துப் போவார். துடித்துப் போய், வாளியை எடுப்பார். ஆஸ்பத்திரியில் புழங்கும் அதே சிவப்பு சோப்பை வாங்கி வந்து, அவளை நிற்க வைத்துத் தேய்ப்பார் பாருங்கள், வெளுத்து வாங்கிவிடுவார். அவர் கை முரட்டுக் கை. ஆனால் தேய்க்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஒருநாள் தெருவில் குழாய் உடைந்தது. தோண்டிப் போட்டார்கள், போட்டவர்கள் போட்டபடி போய்விட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் லாரியில் தண்ணீர் வந்தது. அப்பா சலவைக்கூடத்திலேயே குளித்துவிட்டு வந்தார். சுரண்டிக்குக் குளியல் கிடையாது. அம்மா ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மருந்துக்கடையில் விற்கும் வெள்ளைக் களிம்பைத் தடவி விட்டுவிடுவாள். வேறு என்ன செய்வது?

குழாய் சரியாவதற்குள் ஒரு காலைப்பொழுது அம்மா தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உறையில் ஒரு புள்ளி இல்லை. குழந்தையைத் திருப்பிப் பார்த்தாள். மடிப்புகளில் சிவப்பு வெளிறிப் போயிருந்தது. பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. விட்டுப்போன குளியல்களுக்கெல்லாம் சேர்த்து அப்பா ஒரு குளியல் போட்டார். அன்று இரவு சுரண்டி விடிய விடிய சொறிந்தாள். அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

நேராகச் சொல்லியும் பார்த்தாள். "கொஞ்சம் குறைச்சுத்தான் பாப்பமே." அவ்வளவுதான், அப்பா சாமியாடிவிட்டார். "அழுக்கோட போட்டு அழுக விடச் சொல்றியா? நீ சலவைக்கூடத்துல நின்னிருக்கியா?" அம்மா பதில் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லவில்லை என்றால் வேறு ஏற்பாடு நடக்கப் போகிறது என்று அர்த்தம். அது அப்பாவுக்குத்தான் தெரியாது. சுரண்டிக்குத் தெரியும்.

பெண் பிள்ளை வளர்கிறாள், இனிமேல் நானே குளிப்பாட்டுகிறேன் என்று அம்மா வாளியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் அப்பா சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அம்மா கையை வைத்தால் சுடாத தண்ணீராகக் கலந்து, விறுவிறுவென்று குளிப்பாட்டி, துண்டால் ஒத்தி, ஈரத்தோடு ஈரமாகக் களிம்பைத் தடவிவிடுவாள். அதுதான் அன்றைய நிஜக் குளியல். மத்தியானம் அப்பா வீட்டில் இருக்கமாட்டார், அந்தக் குளியலை அம்மா அப்படியே விட்டுவிடுவாள். ஆபத்து சாயங்காலக் குளியலில் இருந்தது. அப்போது அவர் சாய்வு நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார், தகரக் கதவுக்கு இந்தப் பக்கம்.

அம்மாவும் பெண்ணும் உள்ளே போவார்கள். கதவு சாத்தப்படும். சுரண்டி மூலையில் இருக்கும் மர ஸ்டூலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். அம்மா வாசலில் கிடந்த கால்மிதியைக் கமுக்கமாக உள்ளே கொண்டுவந்திருப்பாள். அதைத் தரையில் விரித்து, பச்சை மக்கால் தண்ணீரை மொண்டு அதன் மேல் ஊற்றுவாள். ஏன் கால்மிதி என்றால், தண்ணீரை வீணாக்க அவளுக்கு மனசு வராது. பொய்க் குளியலிலும் ஏதாவது ஒன்று குளித்தாக வேண்டும் அவளுக்கு.

"தலையைக் குனி! முதுகைக் காட்டு!" என்று கால்மிதியை அதட்டுவாள்.

இந்த இடத்தில் சுரண்டிக்கு ஒரு வேலை உண்டு. உரக்கக் கத்த வேண்டும். "ஐயோ, கண்ணுல சோப்பு!"

"கண்ணை மூடுன்னு சொன்னேன்ல!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்த முடியாது. சத்தம் வராது, உடம்பு மட்டும் குலுங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்குவாள். அதைப் பார்த்து சுரண்டிக்கும் வரும். கையைக் கடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய நிற்க, மொண்ட மக் மொண்டபடியே நிற்கும். வெளியிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு, காதுக்குப் பின்னாடி மட்டும் பாக்கி" என்று அம்மா மறுபடி ஊற்றத் தொடங்குவாள்.

கடைசியில் சுரண்டியின் முன்நெற்றி முடியை நனைத்து, சிவப்பு சோப்பைச் சட்டைக் காலரில் லேசாக ஒரு தடவு தடவி வெளியே அனுப்புவாள். அப்பா அவளை இழுத்து முகர்ந்து பார்ப்பார். "ம், இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கு" என்பார். துவைத்த கால்மிதி கொடியில் தொங்கும். அந்தத் தெருவிலேயே சுத்தமான கால்மிதி அவர்கள் வீட்டுக் கால்மிதிதான். வருகிறவர்கள் அதில் காலை வைக்கவே தயங்குவார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக சுரண்டிக்குத் தோல் சரியானது. அவ்வப்போது தலைகாட்டும், அடங்கும். அப்படியே வளர்ந்துவிட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண வீடாகட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டாகட்டும், தோல் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "நம்ம பொண்ணுக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா, மூணு வேளை குளியல்" என்று அளந்து விட ஆரம்பித்துவிடுவார். சுரண்டிக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொள்வாள். பிறகு தனியாக இருக்கும்போது சொல்வாள்: "அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாது. குழந்தைக்காகத் தான் பட்ட பாடு எல்லாம் வீண்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

சாகக் கிடந்தபோதும் அதையே சொன்னாள். பேச முடியாமல் படுத்திருந்தவள், அப்பா அறையை விட்டு வெளியே போன நேரம் பார்த்து, "கால்மிதி" என்றாள். உதடு சிரித்தது. "சொல்லிடாதே." சொல்ல மாட்டேன் என்று சுரண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அம்மாவோடு அவள் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதனால்தான் டாக்டரம்மா எதிரில் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று பார்த்தாள். சிவப்பு சோப்பை ஒளித்து வைத்தாள். அப்பா பெட்டியைத் திறந்து சட்டைக்கும் சட்டைக்கும் நடுவிலிருந்து இன்னொன்றை எடுத்தார். ஹீட்டரின் சூட்டைக் குறைத்தாள். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். "மாமா நம்ம குளியலறையை வாடகைக்கு எடுத்துட்டார், நாம பல் தேய்க்கணும்னா அவர்கிட்ட அனுமதி கேக்கணும்" என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்தார். கேலிக்கு அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளே தண்ணீர் விழும் ஒவ்வொரு தடவையும் அவள் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நின்றது.

கெஞ்சினாள், கோபப்பட்டாள், ஒரு பொழுது முழுக்கப் பேசாமலும் இருந்தாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "உனக்கே அதுலதானே சரியாச்சு?" அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்? அவளுடைய சொந்தக் கையே அவருக்குச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா இரண்டாவது குளியலை முடித்துவிட்டு பால்கனியில் வந்து உட்கார்ந்தார். சுரண்டி களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வலது கணுக்காலுக்கு மேலே, ஆறி வந்துகொண்டிருந்த இடத்தில், தோல் மறுபடி கீறி விட்டிருந்தது. ஓரத்தில் நீர் கசிந்தது. தொட்டால் சுட்டது. போன மாதமும் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். நீ இருந்திருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பாய், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது."

"சொல்லு."

"நீங்க மூணு வேளை குளிக்க வெச்சதுல எனக்குச் சரியாகலைப்பா. காலையில ஒரு தடவைதான் குளிச்சேன், அதுவும் வெதுவெதுன்னு. சாயங்காலம் நான் குளிக்கவே இல்லை. ஸ்டூல் மேல சும்மா உக்காந்திருப்பேன். அம்மா தண்ணியைத் தரையில ஊத்துவா. உங்களுக்குக் கேக்கணும்னு."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. களிம்பைத் தடவிய இடத்திலேயே தடவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு பால்கனியில் காயப் போட்டிருந்த போர்வை காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. மனிதரை உடைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"கால்மிதியை விட்டுட்டியே" என்றார் அப்பா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தரையில எங்க ஊத்தினா? கால்மிதி மேலதானே ஊத்தினா."

"உங்களுக்கு..."

"என் வாழ்நாள் பூரா மிஷின் பக்கத்துல நின்னவன். துணி இருக்கற டிரம் சுத்தற சத்தம் எது, காலி டிரம் சுத்தற சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். குழந்தை மேல விழற தண்ணி ஒரே மாதிரி விழாது. அது நெளியும், குனியும், நகரும், சத்தம் மாறிக்கிட்டே இருக்கும். உன் மேல விழுந்த தண்ணி அசையவே இல்லை. அது போதாதுன்னு தினமும் கொடியில ஒரு கால்மிதி. சலவைக்காரன் வீட்டுல அவனுக்குத் தெரியாம ஒரு துணி துவைக்க முடியுமா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்து."

சுரண்டிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் எதற்கு? "அப்ப அன்னிக்கே கையும் களவுமா பிடிச்சிருக்கலாம்ல?"

"பிடிக்கத்தான் எழுந்தேன். கதவு வரைக்கும் வந்துட்டேன். உள்ள நீ சிரிச்சுக்கிட்டிருந்தே." அப்பா எதிர்வீட்டுப் போர்வையைப் பார்த்தார். "ராத்திரியெல்லாம் அழுதுக்கிட்டே இருந்த பிள்ளை நீ. அதுவரைக்கும் நீ சிரிச்சு நான் கேட்டதே இல்லை. உங்கம்மாவும் உள்ள மூச்சை அடக்கிக்கிட்டு குலுங்கறா. எனக்குக் கதவைத் தட்ட மனசு வரலை. திரும்பி வந்து உக்காந்துட்டேன். கையில பேப்பர் இருந்ததுன்னுதான் பேரு, ஒரு வரி படிச்சதில்லை. நாள் பூரா அந்த நேரத்துக்குத்தான் காத்துக்கிட்டிருப்பேன்."

"அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் அளந்தீங்க? நான்தான் குணமாக்கினேன், நான்தான் குணமாக்கினேன்னு?"

"நான் அதைச் சொல்லும்போதெல்லாம் உங்கம்மா வாயைப் பொத்திக்குவா, பாத்திருக்கியா?" அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. "அதைப் பாக்கறதுக்குத்தான்."

அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. தன் கணவனைத் தான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தே சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தாள். சுரண்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், களிம்பு கன்னத்தில் ஒட்டியது.

"எல்லாம் தெரிஞ்சுமா இப்படி மூணு வேளை குளிக்கறீங்க? இந்தக் காலை வெச்சுக்கிட்டு? குறைச்சாத்தான் ஆறும்னு தெரியும்தானே உங்களுக்கு?"

அப்பா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"குளிக்கறதுக்கா போறேன்?" என்றார் மெதுவாக. "அவ போனப்புறம் அந்த வீட்டுல ஒரு சத்தம் இல்லைம்மா. பாத்திரம் உருள்ற சத்தம்கூட இல்லை. அந்த மக்கை எடுத்துத் தண்ணியை ஊத்தினா, அந்தக் கொஞ்ச நேரம், உள்ள நீங்க ரெண்டு பேரும் இருக்கற மாதிரி இருக்கும். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

அவள் அவருடைய காலை மடியில் வைத்தபடியே அழுதாள். அப்பா அவள் தலையில் கை வைத்தார். அதே முரட்டுக் கை. பிறகு வழக்கமான குரலில், "போதும் தடவினது, காலு என்ன பரோட்டாவா" என்றார்.

அன்றைக்கு சாயங்காலம் அவர் குளிக்கப் போகவில்லை. இரவு படுக்கும்வரை வீட்டில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார், எதையோ எங்கோ வைத்துவிட்டு மறந்த ஆள் மாதிரி. குளியலறை வாசலில் ஒரு தடவை நின்றார். கையை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அவரைக் குளிக்காதே என்று சொல்வது இதுவரை அவளுக்கு மருத்துவ விஷயமாக இருந்தது. இப்போது ஒரு மனிதரிடமிருந்து அவருடைய வீட்டைப் பிடுங்குவது போல இருந்தது. ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். மறுபேச்சுப் பேசாமல் சீக்கிரமே குளித்துவிட்டு வந்து காலை நீட்டினார். களிம்பு தடவி, கீறல் விட்ட இடத்துக்கு டாக்டரம்மாவிடம் ஃபோனில் கேட்ட மருந்தையும் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கடையில் யாருக்கோ கண்ணாடியை மாட்டிவிட்டு, "அழுத்துதா?" என்று கேட்க மறந்து நின்றாள். நாள் பூரா கவனம் வீட்டில்தான்.

சாயங்காலம் படியேறி வந்து கதவைத் திறந்து, பழக்கத்தில் காலைத் துடைக்கக் கீழே பார்த்தால் வெறுந்தரை. வாசலில் கால்மிதியைக் காணோம்.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

ஐயோ என்று இரண்டடி ஓடியவள் நின்றாள். பையைக் கழற்றிச் சத்தமில்லாமல் வைத்தாள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக் குளியலறைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மக் வாளிக்குள் போகிறது, மொள்கிறது, ஊற்றுகிறது. மறுபடி மொள்கிறது, ஊற்றுகிறது. விழும் தண்ணீர் நெளியவில்லை, குனியவில்லை, நகரவில்லை. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, சொத சொதவென்று விழுந்துகொண்டிருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் அப்பா கேட்டது இதைத்தான். உள்ளே இருந்த அவளுக்கு அப்போது அது தெரியாமல் போயிற்று.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் அதட்டலாகவே கேட்டாள்.

"குளிச்சாச்சா?"

உள்ளே தண்ணீர் நின்றது. பிறகு மக் வாளியில் மோதும் சத்தம் கேட்டது. அப்பாவின் கனத்த குரல், குழந்தைக் குரலாக்கப் பார்த்து முடியாமல் உடைந்து, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"ஐயோ, கண்ணுல சோப்பு!"

சுரண்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. குலுங்கி முடித்து, மூச்சு வந்த பிறகு, அம்மா சொன்ன மாதிரியே கத்தினாள்.

"கண்ணை மூடுங்கன்னு சொன்னேன்ல!"